நாலாவது ஓட்டம்

"முதல் ஓட்டத்துல யாருப்பா ஜெயிப்பா? சும்மா வாயைத் திற, இட்ரிஸ்!"

கசாப்புக் கடை கிளின், பந்தய அட்டையும் பென்சிலுமாக வந்து நின்றார். குதிரை லாரியில் சாய்ந்திருந்த இட்ரிஸ் அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. குதிரை லாயத்தில் முப்பது வருஷம் சாணி அள்ளியவனுக்கு அட்டை எதற்கு?

"மூணு நாள் மழை. தரை களியாக் கிடக்கு. பறக்கிற குதிரையெல்லாம் ரெண்டாவது தடுப்பைத் தாண்டறதுக்குள்ள நாக்குத் தள்ளிடும். அந்தச் சாம்பல் பெட்டையை எழுதிக்கோ. சேறுன்னா அதுக்குக் கல்யாண வீடு."

"ரெண்டாவது?"

"ஊரே சொல்ற கறுப்பன் வேணாம். தண்ணிப் பள்ளத்தைப் பார்த்தா மாமியாரைப் பார்த்த மாதிரி நிப்பான். ஏழாம் நம்பர் போதும்."

"மூணாவது?"

"பாதிக் குதிரை விழும். ஒண்ணாம் நம்பர் விழாது. மேல உக்காந்திருக்கிற பொண்ணு கடிவாளத்தைச் சும்மா சும்மா இழுக்க மாட்டா."

கிளின் மூன்றையும் குறித்துக்கொண்டார். "நாலாவது?"

இட்ரிஸ் திரும்பி லாரிக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தான்.

"நாலுல உன் செல்லக் குதிரை மோசஸ்தானே ஓடறான்? வளர்த்த பிள்ளையைப் பத்திப் பேசக் கூச்சமாக்கும்!"

"போய்யா, போய் வேலையைப் பாரு."

"உங்க தம்பிக்குப் பல்வலி போல, ஓல்வென் அக்கா," என்று கண்ணடித்துவிட்டுக் கிளின் நடையைக் கட்டினார்.

பக்கத்தில் நின்ற ஓல்வெனுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்து மூன்று வயதில் இன்றுதான் முதன்முதலாகப் பந்தய மைதானத்தை மிதிக்கிறாள். ஜெபக்கூடம் போகிறவளுக்கு இங்கே என்ன வேலை? விடிந்ததும் விடியாததுமாகத் தம்பி போன் செய்தான். "அக்கா, இன்னைக்கு என்கூட வர்றியா?" என்று மட்டும்தான் கேட்டான். போன குளிர்காலத்தில் மனைவியை அடக்கம் செய்த அன்று கேட்ட அதே குரல். ஜெபக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"மோசஸுக்கு உடம்பு ஏதும் சரியில்லையாடா?"

"நல்லா இருக்கான். இந்த ரெண்டு வருஷத்துல இவ்வளவு நல்லா இருந்ததே இல்லை." சாவுச் செய்தி சொல்கிறவன் மாதிரிச் சொன்னான்.

"அப்புறம் ஏண்டா பேயறைஞ்சவன் மாதிரி நிக்கறே?"

"முதலாளி முடிவாச் சொல்லிட்டார் அக்கா. இன்னைக்கு ஓட்டத்தோட சரி. ஒண்ணு, அவன் என் வீட்டுப் புல்வெளிக்கு வருவான். இல்லேன்னா, இனி அவனைக் கண்ணால பார்க்க முடியாது."

மனைவி போன பிறகு இந்த மனுஷன் காலையில் எழுந்ததே மோசஸுக்குத் தீனி வைக்கத்தான். அதுவும் போய்விட்டால் எதற்காக எழுவான்?

"உன் கண்ணு பொய் சொல்லாதுன்னு ஊரே சொல்லுதே. நாலாவதைப் பத்தி உன் மனசு என்னடா சொல்லுது?"

"அதை மட்டும் கேக்காதே அக்கா."

அவள் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

முதல் ஓட்டத்தில் சாம்பல் பெட்டை வந்தது. இரண்டாவதில் கறுப்பன் தண்ணீரைக் கண்டு நின்றே போனான். ஏழாம் நம்பர் வந்தது. மூன்றாவதில் அந்தப் பெண் ஓட்டிய குதிரை. தூரத்திலிருந்து கிளின் தொப்பியைத் தூக்கி ஆட்டினார். ஒவ்வொன்றும் சொன்னபடி பலிக்கப் பலிக்க இட்ரிஸின் முகம் இருண்டுகொண்டே வந்தது.

நாலாவது ஓட்டத்தில் எட்டுக் குதிரைகள். கடைசித் திருப்பத்தில் செம்பட்டைக் குதிரை முன்னால். இரண்டு குதிரை நீளம் தள்ளி மோசஸ். இட்ரிஸ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். உதடு மட்டும் அசைந்தது.

கடைசித் தடுப்பை இரண்டும் தாண்டின. இடைவெளி குறையவில்லை. ஓல்வெனால் தாங்க முடியவில்லை. கர்த்தரையும் மறந்தாள், தொப்பியையும் மறந்தாள்.

"மோசஸ்! டேய் மோசஸ்! வாடா ராஜா, வா!"

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆப்பிள் தோலோடு லாயத்துக்குப் போய் அவனை இப்படித்தான் கூப்பிடுவாள். அந்தக் கூட்டத்திலும் மோசஸின் காது இரண்டும் விறைத்து நின்றன. கழுத்தை நீட்டினான். சேற்றை வாரி இறைத்தான். அரைத் தலை வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டினான்.

"ஜெயிச்சுட்டான்டா! உன் பிள்ளை ஜெயிச்சுட்டான்!" தம்பியைக் கட்டிக்கொண்டு குலுக்கினாள். அவன் உடம்பு மரக்கட்டையாக இருந்தது. அவள் கையை விலக்கிவிட்டுக் குதிரையைப் பிடிக்கப் போனான்.

ஜெயித்த குதிரையை நிறுத்தும் வட்டத்துக்கு அவளும் மூச்சிரைக்க ஓடினாள். சேணம் கழற்றிய முதுகிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. இட்ரிஸ் மோசஸின் கழுத்தில் முகத்தைப் புதைத்து விம்மிக்கொண்டிருந்தான்.

"போதும்டா அழுதது. வா, அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

அப்போது நீளக் கோட்டுப் போட்ட ஒருவர், கையில் சின்னச் சுத்தியலோடு மரப்பெட்டி மேல் ஏறி நின்றார். கூட்டம் வட்டத்தைச் சுற்றி நெருங்கியது.

"யாருடா அது?"

இட்ரிஸ் முகத்தைத் தூக்கவில்லை.

"ஏலக்காரர், அக்கா. இந்த ஓட்டத்துல ஜெயிக்கிற குதிரையை நின்ன இடத்துலயே வித்துடுவாங்க. தோத்தா நீயே ஓட்டிட்டுப் போன்னு முதலாளி சொல்லியிருந்தார். தன் குதிரை தோக்கணும்னு எந்த லாயக்காரன் வெளியே சொல்ல முடியும்?"