கையெழுத்து விழாத மசோதா

பேனாவின் மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கையெழுத்துப் போடவில்லை. மூடியை எடுத்து மறுபடி மாட்டினாள்.

இன்றைக்கு அவள் அமெரிக்க ஜனாதிபதி.

மதுரைக்கு வெளியே, புறவழிச்சாலை ஓரத்துப் பள்ளி. பதினோராம் வகுப்பு, கடைசி பீரியட். அமெரிக்க அரசாங்கத்தை நடித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது டெய்சி மிஸ்ஸின் ஏற்பாடு. மற்றவர்களெல்லாம் காங்கிரஸ். நம்மூர்க் கட்சி இல்லை. அந்த ஊர் நாடாளுமன்றம்.

ஜனாதிபதி வேஷத்துக்கு ஆளே வரவில்லை. காங்கிரஸில் இருந்தால் பேசலாம், கத்தலாம், மேஜையைத் தட்டலாம். ஜனாதிபதிக்கு வசனமே கிடையாது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முன்னால் கிடந்தது நிரஞ்சனின் மசோதா. தில்லியில் நடக்கும் பள்ளிகளின் போட்டிக்கு இந்த வகுப்பிலிருந்து இருவர். தலைவன் நிரஞ்சன். துணைக்கு அவள். இன்று சட்டமானால் பெயர்கள் பிரின்சிபாலிடம் போகும். ஆகாவிட்டால் வாய்ப்பு அடுத்த செக்‌ஷனுக்கு. மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவள் பெயரை அவன் சேர்த்தது பாசத்தால் அல்ல. கையெழுத்துப் போடுகிற கைக்குக் கொஞ்சம் இனிப்பு. மண்டிக்காரர் மகளுக்கு இதுகூடவா தெரியாது?

அப்பாவுக்கு வத்தல் மண்டி. மூட்டை மூட்டையாக மிளகாய்.

போன வருடம் அவள் இந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த அன்று, வகுப்புக்குள் காலை வைத்ததும் மிளகாய் நெடி ஏறியதுபோல நிரஞ்சன் தும்மிக் காட்டினான். அவன் தும்மியதும் பின்னால் நாலு பேர். மறுநாள் வகுப்பு மொத்தமும். உட்கார்ந்தால் தும்மல், எழுந்தால் தும்மல். பையைத் துவைத்தாள். சீருடையை மொட்டைமாடியில் தனியே காயப்போட்டாள். கூட்டிப்போக வந்த அப்பாவைத் தெருமுனையிலேயே நிற்கச் சொன்னாள்.

அவர் ஏனென்று கேட்கவில்லை. நின்றார்.

அதுதான் இன்னும் காந்துகிறது.

போகப்போக வகுப்புக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை.

"போடுப்பா. உன் பேருந்தான இருக்கு," என்றான் நிரஞ்சன்.

அவள் மசோதாவை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள்.

"வேணாமா? அதயாச்சும் சொல்லு. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு நம்ம கையில. நீ மாட்டேன்னாலும் தாண்டிப் போயிக்கிட்டே இருப்போம்."

வகுப்பு சிரித்தது. அவன் சொன்னது மெய்தான். சரி என்றால் அவனுக்கு வெற்றி. முடியாது என்றால் மேளதாளத்தோடு வெற்றி.

அப்பா மண்டியில் பிடிக்காத விலைக்கு முடியாது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. முடியாது என்றால் எதிராளி அடுத்த பேச்சை எடுப்பான். அப்பா வத்தலை ஒடித்து முகர்ந்து பார்ப்பார். வானத்தைப் பார்ப்பார். டீ சொல்வார். எதிராளியின் லாரி கிளம்புகிற நேரம் நெருங்கும். இன்னொரு டீ சொல்வார்.

பாடத்தில் ஒரு விதி இருந்தது. எல்லாரும் படித்ததுதான். வந்த மசோதாவை ஜனாதிபதி கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் பத்து நாள் வைத்திருந்தால் அது தானாகவே சட்டம். அதற்குள் காங்கிரஸ் கூட்டம் முடிந்து கலைந்துவிட்டால், மசோதா செத்தது. நாளுக்கு ஒரு நிமிடம் என்று மிஸ் கணக்கு வைத்திருந்தார். மணி அடித்தால் காங்கிரஸ் கலைந்தது.

நிரஞ்சனுக்குத் தன் குரல் என்றால் தேன். ஓட்டெடுப்புக்கு முன்னால் மசோதாவை ஆதரித்துப் பேசினான். ஆதரித்தவர்களே கொட்டாவி விட்ட பிறகும் பேசினான். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நடுவில் கைகூடத் தட்டினாள். தட்டத் தட்ட அவன் நீட்டினான்.

மசோதா அவள் மேஜைக்கு வந்தபோது மணியடிக்க ஆறு நிமிடந்தான் பாக்கி.

ஒரு சொல்லுக்கு மிஸ்ஸிடம் பொருள் கேட்டாள். பேனாவை உதறிப் பார்த்தாள்.

"மிஸ், இவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா!"

"ஜனாதிபதி யோசிக்கலாம்," என்ற டெய்சி மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

மணி.

அவள் மசோதாவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மிஸ் விதியை விளக்கினார்: பத்து நிமிடம் ஆகவில்லை, காங்கிரஸ் கலைந்துவிட்டது, மசோதா செத்தது.

பஸ் நிற்கிற இடம்வரை நிரஞ்சன் பின்னாலேயே வந்தான். தில்லிக்குப் போகப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவன். முகம் வெளுத்திருந்தது.

"லூசா நீ? உன் பேருஞ் சேந்துதான போச்சு!"

"தெரியும்."

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்ப எதுக்கு? நான் ஒன்னய என்ன பண்ணேன்?"

அவன் கண்ணுக்குள் பொய்யைத் தேடினாள். சாக்குக்குள் கைவிட்டு அடிச்சரக்கை அள்ளிப் பார்ப்பது போல. கிடைக்கவில்லை. அந்தத் தும்மலை அவன் நிஜமாகவே மறந்து போயிருந்தான்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சொன்னால்? 'அய்ய, அதா? அது சும்மா விளையாட்டுக்கு' என்பான். ஒரு சாரி சொல்வான். அதோடு அவன் பாரம் இறங்கிவிடும்.

"சொல்லேன். ப்ளீஸ். என்னன்னு தெரிஞ்சாத்தான..."

அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கீழே நின்று அவன் அண்ணாந்து பார்த்தான்.

அவனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியை இழுத்து மூடினாள்.