மூன்றாவது மென்பொருள்

"மூணாவதுதான் வேணும் சார். மத்த ரெண்டையும் திருப்பி அனுப்பிடுங்க."

ஆபரேட்டரம்மா சொன்னதைக் கேட்டு வானாய்வகத்தின் இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஒரு வாரமாக இதே பாட்டு.

பெரிய தொலைநோக்கியைக் கணினி வழியாக இயக்க ஒரு மென்பொருள் வாங்க வேண்டும். திரையில் வானத்தின் வரைபடம் விரியும். அதில் ஒரு நட்சத்திரத்தைச் சுட்டினால் தொலைநோக்கி தானாக அந்தப் பக்கம் திரும்பும். சோதித்துப் பார்க்க மூன்று வந்திருந்தன. பதினெட்டு வருடமாகத் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டுகிறவர் என்பதால் தேர்வு செய்யும் பொறுப்பு ஆபரேட்டரம்மாவிடம் போயிருந்தது.

"முதலாவதுக்கு என்னம்மா குறைச்சல்? அதுல பால்வீதியைப் பார்த்தா கண்ணை எடுக்க முடியல."

"லட்சணமாத்தான் இருக்கு. ஆனா அதுக்குக் கூரையைத் திருப்பத் தெரியாது. தொலைநோக்கி ஒரு பக்கம் பார்க்கும், கூரையோட திறப்பு இன்னொரு பக்கம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஆள் போய்ப் பட்டனை அமுக்கணும்."

"ரெண்டாவது கூரையையும் திருப்புதே?"

"மேல கோபுரத்துல, தொலைநோக்கிக்குப் பக்கத்துலயே உட்கார்ந்தாத்தான் திருப்பும். மூணாவதை வெச்சுக் கீழ்த்தள அறையில இருந்தே எல்லாத்தையும் செய்யலாம் சார்."

இயக்குநருக்குச் சுருக்கென்றது. கோபுரத்துக்கு எழுபத்திரண்டு படிகள், லிஃப்ட் கிடையாது. படியேற அலுத்துக்கொண்டுதான் அம்மா இந்தப் பிடி பிடிக்கிறார் என்று மெக்கானிக் ஏற்கெனவே அவர் காதைக் கடித்திருந்தார்.

"அது கரும்பலகையில சாக்பீஸால புள்ளி வெச்ச மாதிரி இருக்கு. உங்க சௌகரியத்துக்காக அதைப் போய் வாங்கணுமா?"

ஆபரேட்டரம்மாவின் முகம் சிவந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"இப்பவே மேல வாங்க சார். பட்டப்பகல்ல வெள்ளி கிரகத்தைப் பிடிச்சுக் காட்டறேன். முடியலேன்னா நீங்க சொல்றதையே வாங்கிக்கலாம். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

பகலில் வெள்ளியா! தொலைநோக்கி கொஞ்சம் பிசகினாலும் வெறும் நீலம்தான் தெரியும். இயக்குநர் எழுந்துவிட்டார்.

இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது, ஆபரேட்டரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெம்பாக நின்றார். செல்போனில் கீழ்த்தள அறையைக் கூப்பிட்டு, "ஆரம்பிக்கலாம்" என்றார்.

"இருங்க," என்றார் இயக்குநர். "முதல்ல புதனைக் காட்டச் சொல்லுங்க."

அம்மா போனில் சொன்னார். தொலைநோக்கி அசையவில்லை.

"மாட்டேங்குது சார். புதன் இன்னைக்குச் சூரியனை ஒட்டி நிக்குதாம். பார்த்தா கண்ணு போயிடும்னு தடுத்துடுச்சு."

இயக்குநர் உள்ளுக்குள் ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டார். "சரி, வெள்ளி."

மோட்டார் முனகியது. கூரை சுழன்றது, அதோடு ஒட்டிக்கொண்டாற்போல் தொலைநோக்கியும் திரும்பி நின்றது. அவர் குனிந்து கண்ணை வைத்தார்.

"வெறும் நீலம்தாம்மா."

ஆபரேட்டரம்மாவின் நெற்றியில் வியர்வை பொடித்தது. போனில் விஷயத்தைச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அதே இடத்தைச் சுத்தி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பெரிசாக்கித் தேடறாங்களாம். தெரிஞ்ச உடனே சொல்லுங்க சார்."

தொலைநோக்கி மெல்ல நகர்ந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இயக்குநருக்கு இடுப்பு கடுத்தது. நிமிரலாமா என்று நினைத்த நேரத்தில், வெட்டிப் போட்ட நகத்துண்டு போல வெள்ளை வெளேரென்று ஒரு பிறை உள்ளே நுழைந்தது.

"நில்லு! நில்லு!" சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார் இயக்குநர்.

தொலைநோக்கி நின்றது. பிறை மெதுவாக நகர்ந்து நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது; பிறகு அசையவே இல்லை.

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மூணாவதையே வாங்கிடலாம்மா. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். அது சரி, கீழே உட்கார்ந்திருக்கிறது யாரு? பதறாம, சட்டுனு வட்டம் போட்டுத் தேடத் தோணுச்சு பாருங்க! நம்ம ஆளுங்கள்ல யாருக்கு இவ்வளவு நிதானம்?"

"இன்னும் நம்ம ஆள் இல்ல சார்," என்றார் ஆபரேட்டரம்மா. "வேலைக்கு வெச்ச பரீட்சையில முதலாவதா வந்தும், சக்கர நாற்காலியில இருக்கறவங்களால எழுபத்திரண்டு படி ஏற முடியாதுன்னு போன மாசம் நீங்க திருப்பி அனுப்பினீங்களே, அந்தப் பொண்ணு."