தேயாத பலூன்

வண்டியைத் தூக்கியபோது பட்டறையின் லிஃப்ட் முனகவில்லை.

மெக்கானிக் உஸ்தா சப்பார் அதைக் கவனித்தார். ஆனால் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ராத்திரி நிறுத்தி வெச்சா காலையில முன்பக்கம் மண்டி போட்டு நிக்குது உஸ்தா, ஒட்டகம் மாதிரி,” என்றான் வண்டியைக் கொண்டுவந்த முதன்னா.

“ஒட்டகமாவது தானா எந்திரிக்கும், அபூ லுஜைன். இது உங்க பையைக் காலி பண்ணாம எந்திரிக்காது.”

முதன்னா சிரித்தான். சிரித்துக்கொண்டே தெருவைத் திரும்பிப் பார்த்தான். இப்போதெல்லாம் அவன் எதைச் செய்தாலும் பாதியில் தெருவைப் பார்க்கிறான்.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றத்தில் அவன் சாட்சி சொல்ல வேண்டும். கூடச் சாட்சி சொல்ல இருந்தவர் போன மாதம் சிக்னலில், தன் சின்னக் காருக்குள், ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தபடி கிடந்தார். குண்டு பாய்ந்து கதவு சல்லடை ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் முதன்னாவின் மச்சான் ஹைதம் இந்தப் பெரிய வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பழசுதான். ஆனால் முசஃபஹா. தகடு போட்டது, குண்டு துளைக்காது.

பாக்தாதில் அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கண்ணாடி கீழே இறங்காது. கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஓடும். அதைப் பார்த்ததும் சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாய்கூட ஓர் அடி தள்ளி நிற்பான்.

“நாலு பலூனும் போயிருக்கும்,” என்றார் சப்பார். “கம்ப்ரஸரும் சேர்த்தா அம்பது லட்சம் தினார். இந்த மாதிரி வண்டியை ஒருத்தன் ரெண்டு தடவை வாங்கணும். ஒரு தடவை விக்கிறவன்கிட்ட, இன்னொரு தடவை என்கிட்ட.”

சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கி நிற்பவை அந்தக் காற்றுப் பலூன்கள். தகடு போட்ட வண்டியில் அவை வருஷம் தாங்காது. அவ்வளவு பாரம். ரப்பர் வெடித்து, குதிகால் வெடிப்புபோலப் பிளந்துவிடும். பட்டறைகள் நிறைந்த இந்த ஷேக் உமர் தெருவில் அப்படிப் பிளந்தவற்றை அவர் சாக்கு சாக்காக வெளியே எறிந்திருக்கிறார்.

முதன்னாவுக்கு ‘அபூ லுஜைன்’ என்ற பெயரைத் தந்த மகள் லுஜைன் சமூன் ரொட்டியைக் கடித்தபடி தூணருகே நின்றாள். சப்பார் தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினார். சுட்டுவிரல் நுனியில் கோணியிருந்தது.

“இந்த வண்டிக் கதவைத் தொடக் கூடாது, கண்ணு. ஏறணும்னா அப்பாவைக் கூப்பிடு. இப்படி ஒரு கதவு கடிச்சதுதான் இது.”

“கதவுக்குப் பல்லு இருக்கா?”

“பல்லு இல்ல. கனம் இருக்கு.”

அவர் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

முதல் பலூனைத் தடவினார். இரண்டாவதைத் தடவினார். மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு மறுபடி முதலாவதற்கே வந்தார். நாலும் தொழிற்சாலையில் மாட்டியவை, முத்திரைகூட அழியவில்லை. ரப்பரில் ஒரு கீறல் இல்லை.

காற்றுக் குழாயில் மட்டும் ஒரு சின்ன வெடிப்பு.

குழாயை மாற்றினார். அதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆனது. பிறகு சும்மா நின்றார். வெளியே யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

வண்டியை இறக்கினார்.

“இருபத்தஞ்சாயிரம் குடுங்க.”

“இருபத்தஞ்சு லட்சமா?”

“வெறும் இருபத்தஞ்சாயிரம். குழாய்தான். பலூனெல்லாம் புதுசு மாதிரி இருக்கு.”

முதன்னா அவர் தோளில் முத்தமிட்டான். “அல்ஹம்துலில்லாஹ். என் மச்சான் கை ராசி உஸ்தா. மூணு வருஷம் இதை ஓட்டியிருக்கார், பாருங்க எப்படி வெச்சிருக்கார்னு. ஞாயித்துக்கிழமைகூட அவரே முன்னாடி போறேன்னு சொல்லிட்டார். எந்த வழின்னு எனக்கே சொல்லல. நான் பின்னாடியே போனா போதும். போற வழியில இவளை ஸ்கூல்ல விட்டுரலாம்.”

சப்பார் முன்சக்கரத்தைப் பார்த்தார்.

“அப்பா, தண்ணி.”

லுஜைன் வண்டியருகே போயிருந்தாள். பாட்டில் பின் இருக்கையில் இருந்தது. ஒரு கையில் சமூன். இன்னொரு கை கதவின் பிடியில்.

“தொடாதே” என்றபடி சப்பார் ஓடினார்.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. இரண்டு விரலால் இழுத்தாள். அது தன் போக்கில் கடைசி வரை போய், லேசாக ஆடி நின்றது.

முதன்னா பின்னாலிருந்து சிரித்தான்.

“பயந்துட்டீங்களா உஸ்தா? மச்சான் கீல் எல்லாம் மாத்தியிருக்கார். ‘கனமா இல்லையேன்னு பயப்படாதே, கீல் புதுசு’ன்னு சாவி குடுக்கும்போதே சொன்னார்.”

கீலை மாற்றினால் சத்தம் குறையும். கனம் குறையாது.

சப்பார் கதவின் நடுவில் விரல் முட்டியால் தட்டினார். காலி எண்ணெய் டப்பா போலக் கேட்டது.

லுஜைன் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே குதித்தாள். கதவைத் தோளால் தள்ளினாள்.

சப்பார் தன் கோணல் விரலை அதன் இடுக்கில் வைத்தார்.

“உஸ்தா, கை,” என்றான் முதன்னா. பணப்பை அவன் கையில் திறந்தபடி இருந்தது.

கதவு விரலின் மேல் வந்து நின்றது.

அவர் விரலை எடுக்கவில்லை. வலிக்கவே இல்லை.