முதுகு தெரியும் படங்கள்

மண்டபத்து சன்னல்களில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து மழை வழிந்துகொண்டிருக்கிறது. திரையில் வெறும் வெண்பனி. நடுவே, சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகும் ஒரு சிவப்புக் கோட்டு முதுகு. கிரீன்லாந்துப் பனிவெளியைத் தனியாகக் கடந்த ஃபெர்கஸ் லெய்ட்லா பேசி முடித்துவிட்டார். ஒரு கேள்வியாவது வராமல் டீ ஊற்றக்கூடாது என்பது எங்கள் புவியியல் சங்கத்து வழக்கம்; பாய்லர் சீறுகிறது, நான் கோப்பைகளோடு நிற்கிறேன். முன்வரிசையில் திருமதி ரென்னி பின்னல் ஊசிகளை மடியில் இறக்குகிறார். "ஏன் தம்பி, தனியாப் போனேன்னு சொல்றீங்க. அப்ப இந்தப் படத்த எடுத்தது யாரு?" "வசமா மாட்டினாரு!" என்று பின்னாலிருந்து கறிக்கடை டூகல் கத்த, மண்டபமே சிரிக்கிறது. லெய்ட்லாவும் சிரிக்கிறார். "நான்தாங்க. கேமராவ ஸ்டாண்டுல வச்சு, டைமர முடுக்கிவிட்டுட்டு, அந்த மேடு வரைக்கும் நடப்பேன். அப்புறம் திரும்பி வந்து எடுத்துக்கிட்டு, மறுபடி நடப்பேன்." "ஒவ்வொரு படத்துக்குமா?" "ஒவ்வொண்ணுக்கும்." சிரிப்பு அடங்குகிறது. அவர் திரையின் பக்கம் திரும்புகிறார். "பின்னாடி யாரோ நின்னு பாக்குற மாதிரி இருக்கும். குளிர்ல பேட்டரி செத்த பிறகும் கேமராவ வச்சுட்டுத்தான் நடந்தேன்." யாரும் டீக்கு எழவில்லை. எங்களுக்குத் தெரிவது அவர் முதுகுதான்.