பிரட்டுத் திடலில் மோட்டார் படம்

வெள்ளைத் திரையில் மோட்டார் சைக்கிள்கள் உறுமியதும் உடையப்பன் ஒலிவாங்கியை இறுகப் பிடித்தான்.

மலாயாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம். விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுக்கும் பிரட்டுத் திடலில், பொழுது சாய்ந்ததும் இலவசப் படம்; யாரும் பெயர் கேள்விப்படாத பழைய ஆங்கிலப் படம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆங்கிலம் படித்தவன் அவன் ஒருவனே. வசனத்தைத் தமிழில் சொல்லும் பொறுப்பை, அவன் வாயைத் திறந்தாலே முகம் சுளிக்கும் தோட்டத் துரையே அவனுக்குத் தந்திருந்தார்.

துரைக்கு விவரம் போதாது என்று உடையப்பன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

நாளை விடியலில் பிரட்டுக்கு நின்று பேர் கொடுக்க ஒருவரும் இங்கே வரக்கூடாது. லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரும்வரை மரத்தில் கத்தி படக்கூடாது. பாதிப் பேர் அவன் பக்கம். மீதிப் பேரை இந்தப் படம் கொண்டுவந்து சேர்க்கும்.

திரையில் தோல் சட்டைக்காரர்கள் பண்ணை முதலாளியின் முள்வேலியை மோட்டாரில் கட்டி இழுத்தார்கள். அவர்கள் தலைவன் சொன்னதோ இரண்டு சொல். உடையப்பன் அதை மேடைப் பேச்சாக்கினான்.

"காட்டைத் திருத்தியவன் வெளியே நிற்க, கணக்கு எழுதியவன் உள்ளே இருப்பதா? பிடுங்குங்கள் வேலியை."

விசில் பறந்தது. ரப்பர் பால்வெட்டும் கருப்பம்மாள் பாயை விட்டு எழுந்தாள்.

"நாளைக்குப் பிரட்டுக்கு நானும் வரமாட்டேன்லா."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

கடைசி ரீல் ஓடியது. போலீஸ்காரர்கள் தோல் சட்டைக்காரர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார்கள்.

"அட, அங்கயும் பிரட்டு இருக்குலா," என்றது ஒரு குரல். திடலே சிரித்தது.

அந்தச் சிரிப்பின் நடுவிலேயே துப்பாக்கிகள் வெடித்தன. ஒருவனும் மிஞ்சவில்லை. மண்ணில் கிடந்த தலைவனின் முகத்தைத் திரை காட்டிக்கொண்டே இருந்தது.

தமிழில் சொல்ல அங்கே வசனமே இல்லை.

"சாகவில்லை. அவன் எழுவான்," என்றான் உடையப்பன். குரல் நடுங்கியதையும் ஒலிபெருக்கி சேர்த்தே பரப்பியது.

யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. கருப்பம்மாள் தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பிரட்டுக்கு வெள்ளனா எந்திரிக்கணும். போலாம்."

விளக்கு எரிந்தது. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் கார்த்திகேசு வந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஏளனம் இல்லை, நன்றி இருந்தது.

"நல்லாய்ப் பேசினீர் தம்பி. வெறும் படமெண்டால் சனம் கடைசி ரீலைப் பாக்காமப் பாதியிலயே எழும்பிப் போயிருக்கும். மேற்கு டிவிசனிலயும் ஸ்ட்ரைக் எண்டு கதை. சனிக்கிழமை அங்கயும் இந்தப் படம்தான். உம்மையே கூட்டிவரச் சொல்லித் துரை சொன்னவர்."