திருடனை அடித்த கை

“ஒரே குத்துதான், டாக்டர். திருடன் வாயெல்லாம் ரத்தம். சுவர் வரைக்கும் தெறிச்சுது!”

சொன்னவன் லாரிப் பட்டறையில் தகடு தட்டுகிறவன். ‘சம்மட்டி’ என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். மேசைமேல் நீட்டியிருந்த வலக்கையில், நடுவிரல் முட்டிக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி.

டாக்டர் அதை அழுத்திப் பார்த்தார். “அடிச்சது எப்போ?”

“ரெண்டு வருஷம் ஆச்சு. அதோட விட்டேனா? முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டு மிதி மிதின்னு மிதிச்சேன். இவ போட்ட கூச்சல்ல தெருவே கூடிடுச்சு. அதுக்குள்ள அவன் பின்பக்கமா ஓடிட்டான். அன்னியிலேர்ந்து எங்க தெருவுல நான்தான் ஹீரோ.”

நாற்காலிக்குப் பின்னால் அவன் மனைவி வாயைக் கையால் பொத்தியபடி நின்றாள். டாக்டருக்குப் பாவமாக இருந்தது. “பயப்படாதீங்கம்மா, சின்னக் கட்டிதான்.”

“அவளை விடுங்க, எப்பவும் இப்படித்தான் வாயைப் பொத்திக்குவா. இது புத்துநோயா இருக்குமோ டாக்டர்? கையை எடுக்கணும்னு மட்டும் சொல்லிடாதீங்க. கை போனா என் பொழப்பே போச்சு.”

மரத்துப்போக ஊசி போட்டதற்கே வீராதி வீரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். டாக்டர் கட்டியைக் கீறினார். ரத்தம் குபுக்கென்று வந்தது. உள்ளே கத்தி எதிலோ இடித்தது. இடுக்கியால் அதைப் பிடுங்கி, கழுவித் தட்டில் போட்டார்.

“புத்துநோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பல்லுத் துண்டு! குத்தின வேகத்துல உடைஞ்சு உள்ளயே தங்கிடுச்சு. அதைச் சுத்தித்தான் கட்டி வளர்ந்திருக்கு.”

சம்மட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நொடி மனைவியைத் திரும்பி முறைத்துவிட்டு, அறை அதிரச் சிரித்தான்.

“திருடன் பல்லு! பொட்டலம் கட்டிக் குடுங்க டாக்டர், பட்டறையில எல்லாருக்கும் காட்டணும்.”

அவன் கை நீளுமுன் அவள் கை நீண்டது. தட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வாயைப் பொத்தியிருந்த கையை முதல்முறையாக இறக்கினாள். மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதிதான் இருந்தது.

“திருடன் யாரும் வரலைங்க, டாக்டர்.”