பசிலிசா நுழையாத கோயில்

பசிலிசா முதல் படியில் கால் வைத்ததும் ஜீப்னி வண்டியில் வந்த பதினாறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

பின்னே என்ன? இருபத்திரண்டு வருடமாக ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று இந்தக் கூட்டம் ஏழு கோயில் சுற்றுகிறது. ஆறு கோயிலில் அவள்தான் முதல் ஆளாக உள்ளே போவாள். ஏழாவதான இந்த மலைக்கோயில் வந்ததும், அடிவாரத்து பிபிங்கா கடையில் அந்த அரிசிப் பலகாரத்தோடு உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் முழங்கால் வலி என்பாள்.

முழங்காலும் இல்லை, வலியும் இல்லை. அது ஊருக்கே தெரியும்.

ஒரு கோயிலுக்குள் ஒருவர் தன் ஆயுளில் முதல் தடவை நுழையும்போது கேட்கும் வரத்தை ஆண்டவர் தட்டமாட்டார். மணிலாவுக்கு வடக்கே இலோகோஸ் பக்கம் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. பசிலிசா மாகாணத்துக் கோயில் அத்தனையும் பார்த்து முடித்தவள். கல்யாணம், வீடு, மகளுக்கு வேலை என்று அந்த வரங்களெல்லாம் செலவாகிவிட்டன. வெளி மாகாணத்துச் சாமிக்கு நம்மை அடையாளம் தெரியாது என்பது அவள் கட்சி. ஆக, மிச்சம் இது ஒன்றுதான்.

புயலில் கூரை பறந்த வருடம்கூட அவள் ஏறவில்லை. புருஷன் கொர்னேலியோ சிறுநீரகத்தில் கல் வந்து தரையில் புரண்டபோதும் ஏறவில்லை. "கல்லுதானேய்யா, தண்ணியக் குடி, தானா விழும்" என்று சொல்லிவிட்டாள். விழவும் செய்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் அவளை இத்தனை காலம் கேலி செய்துவந்தார்.

இன்று ஏறுகிறாள். யாரும் காரணம் கேட்கவில்லை. மகள் ரோவேனா நேற்று மாலையிலிருந்து மணிலாவில் பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஏற்கெனவே இரண்டு கரு கலைந்துபோனது. இந்த முறை ரத்த அழுத்தம் வேறு.

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டு முன்னால் ஏறிப் போய்விட்டது. கொர்னேலியோ மட்டும் பின்னால் நின்று மனைவியின் முதுகைத் தாங்கினார்.

"மெதுவா ஏறுடி கிழவி. நீ உருண்டா நானும் சேந்துதான் உருளணும்."

"உருண்டா உருளட்டும். உன் தொப்பை மேலதான விழப்போறேன். பேசாம தள்ளுய்யா."

நூற்றிருபது படி. முப்பதாவது படியிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. அவள் திரும்பிப் பார்த்தபோது பெல்ட்டை இழுத்துவிடுவதுபோல் நடித்தார்.

அவருக்கு ஈரலில் கட்டி. பிகான் நகரத்து மருத்துவர் சொல்லி மூன்று வாரமாகிறது. ஈஸ்டர் கழிந்ததும் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதிதான். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகள் பிள்ளையைப் பெற்று எடுக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. எழுபதாவது படியில், அந்த வரம் தனக்குக் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று அது ஒரு நொடி சபலப்பட்டது. அவருடைய வரம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இதே கோயிலுக்குள் முதல் தடவை நுழைந்தபோது, சேவல் சண்டையில் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பாழாய்ப்போன சேவல் ஜெயித்துத் தொலைத்தது.

சீ, பெற்ற மகளோடு போட்டியா என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. சாகப் பயமாகவும் இருந்தது. இந்தக் கிழவியைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. திறந்திருந்த பெரிய கதவுக்கு உள்ளே மெழுகுவத்திகள் எரிந்தன. பசிலிசா வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று முக்காட்டைச் சரிசெய்தாள்.

"உள்ள போனதும் நேரா ரோவேனா பேரச் சொல்லு. கண்டதையும் பேசி வரத்த வீணாக்கிடாத" என்றார் கொர்னேலியோ.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரோவேனாவுக்கு விடியக்காலையிலயே பொறந்துடுச்சு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்கிட்ட இப்போ சொல்ல வேணாம்னு மருமகன்கிட்ட நான்தான் சொன்னேன்."

"பேத்தியா!"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"அப்புறம் எதுக்குடி இம்புட்டுத் தூரம் ஏறின? வா, எறங்கிடலாம். நல்லவேளை, இன்னும் உள்ள போகல. வரம் அப்படியே இருக்கு!"

அவள் அசையவில்லை.

"உன் சட்டையெல்லாம் துவைக்கிறது யாருன்னு நெனச்ச?" என்றாள்.

கொர்னேலியோவின் மறு கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"டாக்டர் எழுதின சீட்டப் பத்துத் தடவ படிச்சிட்டேன். பேத்தி பொறந்தத முன்னாடியே சொல்லியிருந்தா நீ என்னை ஏற விட்டிருப்பியா? அந்தச் சீக்குப் பேரு மட்டும் எனக்கு வாய்ல நுழையல. ஆண்டவர்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்னா என்ன பண்றது? நீ பக்கத்துல நின்னு சரியாச் சொல்லு, வாய்யா."

அவர் கையை விடாமல் அவள் வாசற்படியைத் தாண்டினாள்.